முடியும் என்பதனாலேயே

"சின்ன புரொசீஜர்தாம்மா. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்ல. தொடைகிட்ட ஒரு ஓட்டை, அவ்வளவுதான். எல்லாம் நல்லபடியா இருந்தா மூணாம் நாள் வீட்டுக்குப் போயிரலாம்" என்றார் மருத்துவர்.

அத்தை அவரைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள். "பழச எடுத்துட்டுத்தான புதுச வைப்பீங்க?"

"இல்லம்மா. பழசு அங்கயே இருக்கும். அதுக்குள்ள புதுசு விரியும்."

"அதுவும் கெட்டுப்போனா?"

"அதுக்குள்ள இன்னொண்ணு வைக்க முடியுமான்னு அப்பப் பார்க்கலாம்."

"அடுக்குப் பாத்திரம் மாதிரியா? உள்ள போகப் போகச் சின்னதால்லா போகும்" என்றாள் அத்தை.

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அதுதாம்மா இதுல உள்ள பிரச்சினையே" என்றார்.

அத்தைக்கு வயது 82. கோவில்பட்டியில் தனியாக இருக்கிறாள். 68 வயதில் அவளுக்கு நெஞ்சைத் திறந்து, மகாதமனி வால்வை எடுத்துவிட்டு ஒரு செயற்கை வால்வு வைத்தார்கள். இந்தப் பதினான்கு வருடத்தில் அது ஏறத்தாழ ஐம்பது கோடி தடவை திறந்து மூடியிருக்கும். இதயம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை துடிக்கிறது என்பதை வைத்து நானே போட்ட கணக்கு இது. இப்போது அந்த வால்வின் இதழ்களில் சுண்ணாம்பு படிந்து விறைத்துவிட்டது. வாசல் நடைக்கும் அடுப்படிக்கும் இடையில் அத்தை இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள். அப்படித்தான் நாங்கள் மதுரையில் அந்த அறைக்கு வந்து சேர்ந்தோம்.

அன்று அங்கே பேசப்பட்டதை நான் பல மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பாக அந்தச் 'சின்ன' என்ற சொல்லை. கீறல் சின்னது என்பதில் சந்தேகமில்லை. அதனால் முடிவும் சின்னதாகிவிடுமா?

செயற்கை வால்வின் கதையில் ஒரு பெரிய திருப்பம் 1958-ல் தொடங்குகிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் லோவெல் எட்வர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பொறியாளர், செயற்கை இதயம் ஒன்றைச் செய்யும் ஆசையோடு ஆல்பர்ட் ஸ்டார் என்ற இளம் அறுவை மருத்துவரைத் தேடி வந்தார். முழு இதயம் இருக்கட்டும், முதலில் ஒரு வால்வைச் செய்வோம் என்றார் ஸ்டார். கூண்டுக்குள் ஒரு சிலிக்கோன் பந்து. ரத்தம் தள்ளினால் பந்து விலகும், திரும்பி வரப் பார்த்தால் பந்தே வழியை அடைக்கும். அதுதான் ஸ்டார்-எட்வர்ட்ஸ் வால்வு. அதன்பின் சாயும் வட்டுகள், இரட்டைக் கதவுகள் என்று வடிவங்கள் மாறின. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் வலியத்தானும் அவரது குழுவினரும் பல தோல்விகளுக்குப் பிறகு உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இறக்குமதி வால்வின் விலையைக் கொடுக்க முடியாத ஏராளமானவர்களுக்கு அது உயிர் கொடுத்தது.

இந்த வகை வால்வுகள் எளிதில் தேய்வதில்லை. ஆனால் அந்நியப் பொருளின் மேல் ரத்தம் உறையும். உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை சாப்பிட வேண்டும். மாத்திரை கூடினால் ரத்தக்கசிவு, குறைந்தால் வால்வில் கட்டி. இரண்டுக்கும் நடுவில் நிற்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை.

இன்னொரு வழியைக் கண்டவர் பாரிஸின் அலன் கார்ப்பென்டியே. பன்றியின் வால்வைக் குளுட்டரால்டிஹைடில் பதப்படுத்தி மனித இதயத்தில் வைத்தார், 1960-களின் இறுதியில். பின்னர் மாட்டின் இதயத்தைச் சுற்றியுள்ள சவ்விலிருந்தும் வால்வு தைத்தார்கள். திசு வால்வு என்பது இதுதான். ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை. ஆனால் ஆயுள் முழுக்க உழைக்கவும் செய்யாது. பத்து, பதினைந்து வருடம். வயது குறைந்தவர்களின் உடலில் இன்னும் சீக்கிரம் சுண்ணாம்பு ஏறும்.

அத்தைக்கு வைத்தது மாட்டுச் சவ்வு வால்வு. அன்று அவளிடம் விளக்கிய மருத்துவர், "உங்க வயசுக்கு இது போதும்மா" என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். தனியாக இருக்கும் ஒருத்தி மாதாமாதம் ரத்தம் கொடுக்க அலையாமல் இருப்பது நல்லதுதானே என்று எங்களுக்கும் பட்டது. ஆனால் அந்த 'போதும்' என்ற சொல்லுக்குள் ஒரு கணக்கு இருந்தது. வால்வு பன்னிரண்டு, பதினைந்து வருடம் வரும்; அதற்குள் நீங்கள் போய்விடுவீர்கள் என்பதே அந்தக் கணக்கு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2020 வழிகாட்டுதலும், பொதுவாக 50 வயதுக்குக் கீழே உலோக வால்வு, 65-க்கு மேலே திசு வால்வு, நடுவிலிருப்பவர்களிடம் பேசி முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறது. மனிதனுக்கும் வால்வுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்து, மனிதன் முதலில் முடித்துக்கொள்வான் என்று நம்புகிற ஏற்பாடு அது. பெரும்பாலும் அந்த நம்பிக்கை பலிக்கிறது. அத்தை விஷயத்தில் பலிக்கவில்லை. அவள் தன் வால்வை முந்தி ஓடிவிட்டாள்.

இருபது வருடம் முன்னால் இப்படி முந்தி ஓடியவர்களுக்கு என்ன வழி இருந்தது? மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். முதல் அறுவைக்குப் பிறகு உள்ளே தழும்பு வளர்ந்து, இதயம் நெஞ்செலும்பின் பின்பக்கத்தோடு ஒட்டிக்கிடக்கும். எலும்பை அறுக்கும்போதே இதயம் கிழியக்கூடும். 80 வயதைத் தாண்டியவர்கள் பலரைப் பார்த்து, "தாங்க மாட்டாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். குடும்பம் அழும். பிறகு ஏற்றுக்கொள்ளும்.

இந்தச் சுவரில் வாசல் வைத்த கதை அழகானது. ஹென்னிங் ரூட் ஆண்டர்சன் என்ற டென்மார்க் மருத்துவர், ரத்தக்குழாயை விரிக்கும் ஸ்டென்ட்டைப் பற்றி 1989-ல் ஒரு மாநாட்டில் கேட்டார். அந்தக் கம்பி வலைக்குள் ஒரு வால்வைத் தைத்து, சுருக்கி, குழாய் வழியாகக் கொண்டுபோய் விரித்தால் என்ன? ஊர் திரும்பி, இறைச்சிக் கடையில் பன்றி இதயங்களும், வன்பொருள் கடையில் கம்பியும் வாங்கி, கையாலேயே வளைத்துச் செய்தார். அதே வருடம் மே மாதம் ஒரு பன்றிக்குப் பொருத்தினார். மனிதனில் முதலில் செய்தவர் பிலிப் போன்ஹோஃபர், 2000-ல். பாரிஸில் ஒரு 12 வயதுச் சிறுவனுக்கு, முன்பு வைத்த செயற்கைக் குழாய் அடைத்துப்போயிருந்தது. அதற்குள்ளேயே வால்வை விரித்தார். அதாவது இந்த முறை மனித உடலுக்குள் நுழைந்ததே பழுதான ஒரு செயற்கை உறுப்பைச் சரிசெய்யத்தான். 2002 ஏப்ரல் 16 அன்று ரூவான் நகரத்தில் அலன் கிரிபியே, அறுவையைத் தாங்க முடியாத 57 வயதுக்காரர் ஒருவருக்கு மகாதமனி வால்வை இப்படி வைத்தார். தேய்ந்த திசு வால்வுக்குள் புதிய வால்வை விரிக்கும் முயற்சிகள் சில வருடங்களிலேயே தொடங்கின. 2015-ல் அமெரிக்க அரசின் ஒப்புதலும் வந்தது.

செய்யும் முறையைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். தொடைத் தமனியில் குழாயைச் செலுத்தி, உடலின் பெருந்தமனி வழியே இதயம் வரை போகிறார்கள். பழைய வால்வின் வளையம் எக்ஸ்ரேயில் தெரிகிறது, அதுவே வழிகாட்டி. பலூனால் விரியும் வகையாக இருந்தால், இதயத்தைச் சில நொடிகள் மின்தூண்டலால் மிக வேகமாகத் துடிக்கவைத்து, ரத்தம் புதிய வால்வை அடித்துக்கொண்டு போகாதபடி செய்துவிட்டு, பலூனை ஊதுகிறார்கள். பழைய இதழ்கள் சுவரோடு சுவராக நசுங்கி ஒதுங்குகின்றன. புது இதழ்கள் அடுத்த துடிப்பிலேயே வேலையைத் தொடங்குகின்றன. ஆபத்து இல்லாமல் இல்லை. நசுங்கிய இதழ், இதயத்துக்கே ரத்தம் போகும் குழாயின் வாயை அடைத்துவிடலாம். சுண்ணாம்புத் துகள் மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். பழைய வால்வு சிறிய அளவாக இருந்தால், அதற்குள் விரிவது இன்னும் சிறியதாகி, மூச்சுத்திணறல் முழுதாகத் தீராமலும் போகலாம். அத்தை சொன்ன அடுக்குப் பாத்திரம்.

மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்ததும், தேநீர்க் கடை பெஞ்சில் குடும்ப மாநாடு கூடியது. அத்தையின் மகன் சென்னையில் இருக்கிறார், எனக்கு அத்தான். அவர் சொன்னார்: "முடியும்னு டாக்டர் சொல்றப்ப பண்ணாம விட்டா, நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா என்னால தூங்க முடியாது." மகள், என் மதினி, சொன்னாள்: "எம்பத்திரெண்டு வயசுல எதுக்கு இந்தச் சித்திரவதை? அம்மாவ நிம்மதியா விடுங்க. ஆசுபத்திரியில கெடந்து கஷ்டப்பட்டா எனக்குத் தூக்கம் வராது."

இரண்டு பேரும் அம்மாவின் இதயத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு தங்கள் தூக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குறை சொல்லவில்லை. நான் பேசியிருந்தாலும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

முன்பெல்லாம் 'முடியாது' என்ற சொல் நமக்காக முடிவெடுத்தது. அது கொடிய சொல்தான். ஆனால் அதன் கீழே நின்ற யாரும் குற்றவாளி இல்லை. "எவ்வளவோ பார்த்தோம், டாக்டர் கைய விரிச்சுட்டார்" என்று துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொல்லலாம். 'முடியும்' என்று ஆனதும் அந்த நிழல் போய்விட்டது. இப்போது செய்யாமல் விட்டால், நாம் விட்டோம் என்று ஆகிறது. கடமை என்று ஒன்று இருந்தால் அதைச் செய்ய உன்னால் முடியும் என்பது கான்ட்டின் வழியில் வந்த சிந்தனை. தொழில்நுட்பம் அதைத் தலைகீழாக்கிவிட்டது: முடியும் என்று இருந்தால் அதுவே கடமை. செய்யும் ஆற்றல் வளரும்போது பொறுப்பின் எல்லையும் வளர்கிறது என்று ஹான்ஸ் ஜோனாஸ் 1979-ல் எழுதினார். ஷரோன் காஃப்மன் என்ற மானுடவியலாளர் அமெரிக்க மருத்துவமனைகளில் முதியவர்களைக் கவனித்து எழுதிய நூலில், ஒரு சிகிச்சை 'சாதாரணம்' என்று ஆகிவிட்டால் அதை மறுப்பது எவ்வளவு கடினமாகிறது என்று காட்டுகிறார். 'சின்ன' என்ற சொல் செய்யும் வேலையும் அதுதான். பெரிய அறுவையை மறுத்தால் தைரியம் என்பார்கள். சின்னதை மறுத்தால் பைத்தியம் என்பார்கள்.

ஆக, மதினி சொன்னதுதான் சரி, வயதானவர்களை இயற்கையின் போக்கில் விட வேண்டும் என்று முடித்துவிடலாமா? நானும் மனதுக்குள் அப்படித்தான் ஒரு கட்டுரையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அதை உடைத்தது அத்தைதான். மறுநாள் மருத்துவரைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தாள். போனதும் ஒரே கேள்வி.

"இதப் பண்ணலன்னா நான் எப்படிச் சாவேன்?"

அத்தான் பதறி, "ஏம்மா இப்படியெல்லாம்" என்றார். மருத்துவர் கையமர்த்திவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுச் சொன்னார். "தூக்கத்துல போறதும் உண்டும்மா. ஆனா அதை நம்பி இருக்க முடியாது. நுரையீரல்ல தண்ணி கோக்கும். படுக்க முடியாது. உக்காந்தே தூங்கணும். மூச்சு முட்டி முட்டி ஆசுபத்திரிக்கு வருவீங்க, ஊசி போட்டுத் தண்ணிய எறக்குவோம், போவீங்க, திரும்பவும் வருவீங்க. கடைசியில மருந்து குடுத்துத் திணறலைக் கொறைக்கலாம். ஆனா இந்த நடுவுல உள்ள மாசங்க லேசா இருக்காது."

'நிம்மதியாக விடுவது' என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தது இதைத்தான். விடுவதில் நிம்மதி யாருக்கு என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. அறுவையைத் தாங்காதவர்களை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2010-ல் வெளியானது. சொந்த வால்வு சுருங்கியவர்கள் அவர்கள். வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 50.7 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். குழாய் வழி வால்வு பெற்றவர்களில் 30.7 பேர். இந்த எண்களை எந்தக் கட்சிக்காரரும் எடுத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு இருபது பேர் பிழைத்தார்கள் என்று அத்தான் சொல்லலாம். வைத்தும் முப்பது பேர் போய்விட்டார்களே என்று மதினி சொல்லலாம். எத்தனை பேர் என்பதை எண் சொல்லும். எதற்காக என்பதை அது சொல்லாது.

இதே மருத்துவத்தின் மறுமுனையில் நிற்பவர்களையும் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வால்வு கெடுவது முதியவர்களுக்கு மட்டுமில்லை. சிறு வயதில் தொண்டைப்புண், அதைத் தொடர்ந்து மூட்டுவாதக் காய்ச்சல், அது இதய வால்வைத் தின்றுவிடும். இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வால்வு மாற்ற வேண்டும். உலோகம் வைத்தால் மாத்திரை. அந்த மாத்திரை கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது. திசு வைத்தால் குழந்தை பெற்றுக்கொள்ளலாம். ஆனால் பத்து வருடம் சொச்சத்தில் அது கெடும். முன்பு இதைச் சொல்லும்போது மருத்துவரின் குரல் தாழும், "திரும்ப ஓப்பன் சர்ஜரி வரும்மா" என்று. இப்போது, "அப்ப உள்ளுக்குள்ளயே குழாய் வழியா மாத்திக்கலாம்" என்று சொல்ல முடிகிறது.

அந்த வாக்குறுதி நல்லதா? ஒரு தாய்க்கு அது பெரிய கதவு. ஆனால் இன்று கையெழுத்துப் போடுபவள் ஒருத்தி, பத்து வருடம் கழித்து அதைக் கட்டப்போகிறவள் இன்னொருத்தி. டெரெக் பார்ஃபிட் என்ற தத்துவவாதி, வருங்கால 'நான்' என்பவரை ஏறத்தாழ இன்னொரு மனிதரைப் போல நினைத்துப் பார்க்கச் சொன்னார். அப்படிப் பார்த்தால் இது ஒருவர் பெயரில் இன்னொருவர் வாங்கும் கடன். அவளுடைய வளையம் எத்தனை மில்லிமீட்டர், அதற்குள் இன்னொன்று நுழையுமா, நுழைந்தால் எத்தனை அடுக்கு, அதற்கான பணம் அன்று இருக்குமா? இவ்வளவையும் சேர்த்துச் சொன்னால் அது ஆலோசனை. "அப்பப் பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால் அது விற்பனை.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. எங்களுக்குச் சொல்லப்பட்ட தொகை அதைப்போல நான்கு மடங்குக்கு மேல். "பணத்தப் பத்தி நீங்க யோசிக்காதீங்கம்மா" என்றார் அத்தான். "நா யோசிக்காம பின்ன யாரு யோசிப்பா?" என்றாள் அத்தை. அவள் கேட்டது நியாயம். மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசியைத் தவறாமல் போட்டிருந்தால் அந்த இருபத்துநாலு வயதுப் பெண்ணின் வால்வே தப்பியிருக்கலாம். அந்த ஊசியின் விலையையும் அத்தையின் வால்வு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது கூச்சமாக இருக்கிறது. அந்தக் கூச்சத்துக்கு விடை, அத்தையைச் சாகவிட்டு மிச்சம் பிடிப்பது இல்லை. அப்படி மிச்சம் பிடித்த பணம் எந்தப் பிள்ளைக்கும் ஊசியாகப் போய்ச் சேரப்போவதில்லை. அது அரசு செய்ய வேண்டிய வேறொரு கணக்கு. ஆனால் கூச்சம் இருக்கட்டும் என்று நினைக்கிறேன். அது இல்லாமல் 'உயிருக்கு விலை உண்டா' என்று வசனம் பேசுவது எளிது.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அத்தை சொன்னாள். "மூச்சு முட்டிச் சாகறது வேண்டாம். அதுக்காகப் பண்ணிக்கிடுதேன். நூறு வயசு இருக்கணும்னு இல்ல." தன் வங்கி வைப்புத்தொகை முதலில் போகட்டும், பிறகு பிள்ளைகள் போடட்டும் என்றாள். நடுவில் ஏதாவது விபரீதமானால் நெஞ்சைத் திறக்கக்கூடாது என்றாள். இதுவும் கெட்டுப்போனால் மூன்றாவது வேண்டாம், திணறலுக்கு மருந்து மட்டும் போதும் என்றாள். மருத்துவர் இவற்றைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டார். அத்தை தானும் ஒரு முழுத்தாளில் எழுதி, தேதி போட்டு, எங்கள் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டாள்.

அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எங்கள் பேச்சில் விடுபட்டது எது என்று புரிந்தது. செய்யலாமா, வேண்டாமா என்று நாங்கள் அடித்துக்கொண்டிருந்தோம். அத்தை, எதற்காக, எதுவரைக்கும் என்று கேட்டாள். அப்படிக் கேட்டதும் 'முடியும்' என்ற சொல்லுக்குத் தன்னால் ஒரு எல்லை விழுந்தது. அந்த எல்லையை அவள்தான் போட முடியும். மகனுக்கோ மகளுக்கோ எனக்கோ அதைப் போடும் உரிமை இல்லை. மருத்துவருக்கு வளையத்தின் அளவு மட்டுமே தெரியும்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. அவளுடைய பழைய வளையம் ஓரளவு பெரியது என்பதால் உள்ளே போதுமான இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் இல்லை, ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தாள். இப்போது வாசலிலிருந்து அடுப்படிக்கு நிற்காமல் போகிறாள். மாடிப்படியில் மட்டும் ஒரு தடவை நிற்கிறாள்.

போன மாதம் போயிருந்தபோது அந்தத் தாளைப் பற்றிக் கேட்டேன். பீரோவில் இருக்கிறது என்றாள்.

"அப்ப மூணாவது கெடையாது, உறுதிதான அத்தே?"

"இன்னிக்கு உறுதி" என்றாள். "அன்னிக்கு வந்து திரும்பக் கேளு."